விலாசத்தை விற்றது யார்?

சித்தூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது ராமகுப்பம். ஒரு பக்கம் கர்நாடகம். சற்றே தெற்கே போனால் தமிழ்நாடு. சந்தையில் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் காதில் விழும். பிழைப்புக்குப் பெங்களூர் போகிறவர்கள் குப்பத்தில் ரயில் ஏறுவார்கள்.

இந்தப் பக்கத்தில் ஏழுமலை என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் படும் பாடு தனி. தெலுங்கிலும் கன்னடத்திலும் இன்று 'ழ' எழுத்து கிடையாது. ரேஷன் கார்டில் ஏலுமலை ஆகிவிடுவார். தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்திருந்தால் சான்றிதழில் ஆங்கிலத்தில் 'இசட், எச்' சேர்த்து எழுதியிருப்பார்கள். ஆந்திர அலுவலகத்தில் எழுதிக் கொடுத்த குமாஸ்தா 'ஒய்' எழுத்தில் தொடங்கியிருப்பார். பெங்களூர் கம்பெனியில் 'ஈ' எழுத்தில் தொடங்கும். ஆள் ஒருவர்தான், பெயர் மூன்று. மூன்றும் ஒருவரே என்று நிரூபிக்க அபிடவிட்டுக்கும் நோட்டரிக்கும் அலைந்தவர்கள் அநேகம்.

ஆனால் அந்தத் தொல்லையில் யாரும் கவனிக்காத ஒரு சௌகரியம் ஒளிந்திருக்கிறது. முன்பின் தெரியாத கம்பெனி ஒன்றிலிருந்து கடிதம் வருகிறது. கவரின் மேல் 'ஒய்' எழுத்தில் தொடங்கும் பெயர். அப்படியானால் அந்த விலாசம் எந்தக் கையிலிருந்து அங்கே போயிற்று என்று ஊகித்துவிடலாம். பெங்களூர் கம்பெனி கொடுத்திருக்க முடியாது. அங்கே எழுத்தே வேறு!

இதையே வேண்டுமென்று செய்தால் என்ன? இ-மெயிலில் வந்து குவியும் குப்பைக் கடிதங்களைப் பிடிக்க, உலகெங்கும் பலர் கையாளும் உபாயம் அதுதான். ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு விலாசம். குப்பை எந்த விலாசத்துக்கு வருகிறதோ, அந்த இடத்தில்தான் ஓட்டை.

குப்பை வந்த கதை

இ-மெயில் குப்பை நேற்று வந்ததல்ல. 1978-ம் ஆண்டு மே மாதம், டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனை அதிகாரி கேரி தர்க், தங்கள் புதிய இயந்திரங்களைப் பார்க்க வரும்படி சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். அப்போது இன்டர்நெட் கிடையாது. அதன் தாத்தாவான அர்ப்பாநெட்தான் இருந்தது. கடிதம் பெற்றவர்கள் கொதித்தார்கள். கேட்காமல் வந்த வியாபாரக் கடிதங்களில் முதலாவது என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

'ஸ்பாம்' என்ற பெயர் வந்தது வேடிக்கையான சங்கதி. அது டப்பாவில் அடைத்த ஒருவகைப் பன்றி இறைச்சியின் பெயர். 1970-ம் ஆண்டில் பிரிட்டிஷ் டெலிவிஷனில் ஒரு நகைச்சுவைக் காட்சி வந்தது. ஓட்டலில் எதைக் கேட்டாலும் அதில் ஸ்பாம் இருக்கும். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். வேண்டாமென்றாலும் தட்டில் வந்து விழும் கடிதத்துக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இன்று அது எவ்வளவு? உலகில் 2023-ம் ஆண்டு அனுப்பப்பட்ட இ-மெயில்களில் 45 சதவீதத்துக்கு மேல் குப்பை என்று காஸ்பர்ஸ்கை நிறுவனம் கணக்கிட்டது. ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. பெரும்பகுதியை ஜிமெயில் போன்ற கம்பெனிகளே வாசலில் வடிகட்டிவிடுகின்றன. மிச்சம்தான் நம் கண்ணில் படுகிறது.

குப்பம் பகுதிக்குக் கம்ப்யூட்டர் புதிதல்ல. 2002-ம் ஆண்டில் ஹியூலெட் பேக்கார்ட் கம்பெனி ஆந்திர அரசுடன் சேர்ந்து இங்கே ஒரு பெரிய சோதனைத் திட்டம் நடத்தியது. கிராமங்களில் தகவல் மையங்கள் திறந்தார்கள். சுய உதவிக் குழுப் பெண்களுக்குச் சூரிய சக்தியில் இயங்கும் போட்டோ பிரிண்டர் கொடுத்துத் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். அந்தத் திட்டம் சில ஆண்டுகளில் முடிந்துபோயிற்று. இப்போது கம்ப்யூட்டரைத் தேடிப் போக வேண்டியதில்லை. சட்டைப் பையிலேயே இருக்கிறது. ரயில் டிக்கெட், வேலை விண்ணப்பம், இன்சூரன்ஸ், ஜவுளிக்கடை பில், எங்கே போனாலும் இ-மெயில் விலாசம் கேட்கிறார்கள். கேட்ட இடத்திலெல்லாம் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். ரேஷன் கார்டு நம்பரைச் சொல்ல யோசிக்கிறவர்கள்கூட இதைச் சொல்ல யோசிப்பதில்லை.

ஒரு கூட்டல் குறி போதும்

விஷயம் சுலபமானது. ஜிமெயில் வைத்திருப்பவர்கள் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

பெங்களூரில் குமாஸ்தா வேலை தேடும் முருகன் என்பவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய விலாசம் முருகன்@ஜிமெயில்.காம் என்று வைத்துக்கொள்ளலாம். (ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும், புரிவதற்காக இங்கே தமிழில்.) வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றில் பெயரைப் பதிவு செய்யும்போது அவர் முருகன்+வேலை@ஜிமெயில்.காம் என்று கொடுக்கிறார். ஜவுளிக்கடையில் கேட்டால் முருகன்+ஜவுளி@ஜிமெயில்.காம். கூட்டல் குறிக்குப் பின்னால் இருப்பதை ஜிமெயில் பொருட்படுத்துவதில்லை. எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் வந்து சேரும். ஆனால் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் அது எந்த விலாசத்துக்கு அனுப்பப்பட்டது என்று எழுதியிருக்கும்.

ஒரு மாதம் கழித்து, முருகன் கேள்விப்பட்டிராத கடன் கம்பெனி ஒன்று 'ஐந்தே நிமிடத்தில் இரண்டு லட்சம்' என்று கடிதம் எழுதுகிறது. 'பெறுநர்' என்ற இடத்தைத் தொட்டுப் பார்க்கிறார். முருகன்+வேலை என்று இருக்கிறது. வேலைக்காகக் கொடுத்த விலாசம் கடன்காரனிடம் எப்படிப் போயிற்று? விற்றிருக்க வேண்டும், அல்லது திருட்டுப் போயிருக்க வேண்டும். இரண்டில் எது என்று கூட்டல் குறி சொல்லாது. எங்கிருந்து போயிற்று என்பதை மட்டும் சொல்லும்.

பிறகு அந்த விலாசத்தைச் சாகடிப்பதும் எளிது. 'முருகன்+வேலை என்ற விலாசத்துக்கு வருவதையெல்லாம் நேராகக் குப்பைத் தொட்டியில் போடு' என்று ஜிமெயிலுக்கு நிரந்தர உத்தரவு கொடுத்துவிடலாம். அதற்குப் பெயர் 'ஃபில்டர்'. போனில் உள்ள ஜிமெயில் செயலியில் இதைச் செய்ய முடியாது; கம்ப்யூட்டரில் திறந்துதான் செய்ய வேண்டும். நெட் சென்டரில் செய்தால் முடித்தவுடன் 'லாக் அவுட்' செய்ய மறக்கக் கூடாது. மறந்தால் குப்பையைத் தடுக்கப் போய்ச் சாவியை வாசலில் வைத்துவிட்டு வந்த கதை ஆகிவிடும்.

பிடிபட்ட பெரிய மீன்கள்

இதெல்லாம் வேலையற்றவர்களின் விளையாட்டு என்று நினைத்தால் தவறு. அமெரிக்காவில் டிடி அமெரிட்ரேட் என்ற பெரிய பங்குத் தரகு நிறுவனம் இருந்தது. அதன் வாடிக்கையாளர்களில் சிலர், அந்த நிறுவனத்துக்கென்றே தனி இ-மெயில் விலாசம் உண்டாக்கிக் கொடுத்திருந்தார்கள். வேறு யாருக்கும் அந்த விலாசம் தெரியாது. ஆனால் அந்த விலாசங்களுக்குப் பங்கு மார்க்கெட் குப்பைக் கடிதங்கள் வரத் தொடங்கின. 'இந்தக் கம்பெனிப் பங்கு நாளை எங்கேயோ போகப் போகிறது, உடனே வாங்குங்கள்' என்ற ரகம். ஒன்றுக்கும் உதவாத பங்கை முதலில் தாங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, ஊரை வாங்க வைத்து, விலை ஏறியதும் விற்றுவிட்டு நழுவும் மோசடி அது.

வாடிக்கையாளர்கள் புகார் செய்தார்கள். உருப்படியான பதில் கிடைக்கவில்லை. 2007-ம் ஆண்டு மே மாதம் சான்பிரான்சிஸ்கோ கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் மாதம் நிறுவனம் உண்மையை வெளியிட்டது: தங்கள் கம்ப்யூட்டருக்குள் யாரோ திருட்டு புரோகிராம் ஒன்றைப் புகுத்தியிருக்கிறார்கள், 63 லட்சம் வாடிக்கையாளர்களின் பெயர், விலாசம், போன் நம்பர் இருந்த பதிவேட்டை அது எட்டியிருக்கிறது!

63 லட்சம் பேரில் பெரும்பாலோருக்கு எதுவும் தெரியாது. அவர்களுக்கும் குப்பை வந்திருக்கும்; எங்கிருந்தோ வருகிறது என்று அழித்திருப்பார்கள். தனி விலாசம் கொடுத்திருந்த கைவிரல் எண்ணிக்கை ஆட்கள்தான் மோப்பம் பிடித்தார்கள்.

ஐந்து ஆண்டுகள் கழித்து இன்னொன்று. பைல்களைச் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ் நிறுவனம். 2012-ம் ஆண்டு ஜூலை மாதம், அந்த நிறுவனத்துக்கு மட்டுமே கொடுத்திருந்த விலாசங்களுக்குச் சூதாட்ட விளம்பரங்கள் வருவதாக ஐரோப்பாவில் பலர் புகார் செய்தார்கள். மாதம் முடிவதற்குள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதன் ஊழியர் ஒருவர் இரண்டு இடங்களில் ஒரே பாஸ்வேர்டை வைத்திருந்தார். ஓரிடத்தில் திருடியவர்கள் அதைக் கொண்டு இங்கே நுழைந்துவிட்டார்கள். அவருடைய பைலில் வாடிக்கையாளர்களின் இ-மெயில் பட்டியல் இருந்தது. அதோடு போகவில்லை. போனது 6.8 கோடிக்கு மேற்பட்ட கணக்குகளின் விவரம் என்று 2016-ம் ஆண்டில்தான் தெரிந்தது.

நம் நாட்டிலும் குறைவில்லை. பெங்களூரைச் சேர்ந்த பிக்பாஸ்கெட் மளிகை நிறுவனத்திலிருந்து சுமார் 2 கோடி வாடிக்கையாளர்களின் விவரம் களவுபோனதாக 2020-ம் ஆண்டில் செய்தி வந்தது. 45 லட்சம் பயணிகளின் விவரம் கசிந்ததாக ஏர் இந்தியா 2021-ம் ஆண்டு மே மாதம் அறிவித்தது. அந்தக் கசிவு ஏர் இந்தியாவின் சொந்த அலுவலகத்தில்கூட அல்ல. டிக்கெட் விவரங்களைப் பராமரிக்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில்.

போலியைக் காட்டிக்கொடுக்கும்

குப்பையைக் குறைப்பதைவிட இந்த உபாயத்தில் பெரிய லாபம் வேறொன்று. போலிக் கடிதம் உடனே தெரிந்துவிடும்.

'உங்கள் வங்கிக் கணக்கு இன்று மாலை முடக்கப்படும். கீழே உள்ள இடத்தைத் தொட்டு விவரங்களைச் சரிபார்க்கவும்' என்று கடிதம் வருகிறது. வங்கியின் முத்திரை அச்சு அசலாக இருக்கிறது. படித்தவர்களே ஏமாறுகிறார்கள். ஆனால் முருகனுக்கு அந்தக் கடிதம் முருகன்+ஜவுளி என்ற விலாசத்துக்கு வந்திருக்கிறது. வங்கிக்கு அவர் அந்த விலாசத்தைக் கொடுத்ததே இல்லை. ஜவுளிக்கடைக்குப் போட்ட கடிதத்தை வங்கி எழுதுமா? மேற்கொண்டு படிக்கவே வேண்டியதில்லை.

வேலை மோசடியும் அப்படித்தான். 'விமான நிலையத்தில் உத்தியோகம் உறுதி, பதிவுக் கட்டணம் மட்டும் ரூ.2,500' என்று எழுதும் பேர்வழிகள், வேலை தேடுகிறவர்களின் பட்டியலை எங்கிருந்தாவது வாங்கித்தான் எழுதுகிறார்கள். ஊரை விட்டு வந்து, மாதக் கடைசியில் வாடகைக்கு யோசிக்கும் பையனிடம் இந்தத் தொகை போனால் அது சின்ன நஷ்டமல்ல. இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாளொன்றுக்கு நாற்பது குப்பைகளுக்கு நடுவே உண்மையான நேர்முகத் தேர்வுக் கடிதம் ஒன்று கிடக்கும். அது கண்ணில் படாமல் போகிற நஷ்டத்துக்கு எந்தப் போலீசிலும் புகார் செய்ய முடியாது.

எங்கே செய்யக் கூடாது

ஒரு தடவை உபயோகித்துவிட்டுத் தூக்கி எறியும் விலாசங்களும் உண்டு. 2003-ம் ஆண்டில் வந்த மெயிலினேட்டர் அந்த ரகம். பதிவு கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. மனத்தில் தோன்றிய பெயரைச் சொல்லிவிட்டு அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதே பெயரைச் சொல்லி வேறு யாரும் திறந்து பார்க்கலாம்! பொதுச் சத்திரத்துத் திண்ணை மாதிரி. ஏதாவது ஒரு பாரத்தை இறக்கிக்கொள்ள வேண்டும், அவன் விலாசம் கேட்டு அடம்பிடிக்கிறான் என்றால் அங்கே கொடுக்கலாம். வங்கி, பி.எப்., பாஸ்போர்ட், ரயில்வே கணக்கு ஆகியவற்றுக்கு ஒருபோதும் கூடாது. பாஸ்வேர்டு மறந்தால் புதிய பாஸ்வேர்டுக்கான வழி அந்த விலாசத்துக்குத்தான் வரும். விலாசம் கைவிட்டுப் போனால் கணக்கும் கைவிட்டுப் போகும்.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். நெட் சென்டரில் விண்ணப்பம் பூர்த்தி செய்யும்போது, 'இ-மெயில் இல்லையா? பரவாயில்லை' என்று கடைக்காரர் தன் விலாசத்தையே போட்டுவிடுவார். அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார். ஆனால் அதன்பின் வரும் கடிதமெல்லாம் அவருக்குத்தான் போகும். கடை கைமாறினால்? இப்படிப் பதிவான கணக்கு இருந்தால் முதல் வேலையாக விலாசத்தை மாற்றிக்கொள்வது நல்லது.

ஆக, கூட்டல் குறி இல்லாத சுத்தமான விலாசத்தை வெகு சிலருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மற்ற எல்லோருக்கும் வால் ஒட்டிய விலாசம் கொடுப்பதுதான் முறை. எந்த வால் யாருக்கு என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அலுவலகத்தில் இன்வார்டு, அவுட்வார்டு ரிஜிஸ்டர் எழுதிப் பழகிய குமாஸ்தாக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓட்டைகளும் உண்டு

கூட்டல் குறியைக் கண்டால் 'இது விலாசமே அல்ல' என்று திருப்பி அனுப்பும் கம்பெனிகள் பல. விதிப்படி அது சரியான விலாசம்தான். அவர்கள் புரோகிராம் எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. அங்கே ஜிமெயில்காரர்கள் புள்ளியை உபயோகிக்கலாம். பெயருக்கு நடுவே எங்கே புள்ளி வைத்தாலும் ஜிமெயில் அதைக் கண்டுகொள்ளாது. 'மு'வுக்குப் பின் ஒரு புள்ளி வங்கிக்காரர் கேட்டால், 'ரு'வுக்குப் பின் ஒரு புள்ளி சினிமா டிக்கெட்காரர் கேட்டால் என்று வைத்துக்கொண்டால் ஆயிற்று. இதற்கும் நோட்டு வேண்டும்.

குப்பை அனுப்புகிறவர்களும் சும்மா இல்லை. பட்டியலை வாங்கியதும் கூட்டல் குறியையும் வாலையும் நறுக்கிவிட்டு எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த உபாயம் பலிக்காது. அதற்குத்தான் உண்மை விலாசத்தை அடியோடு மறைக்கும் சேவைகள் வந்திருக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ் ரிலே, டக்டக்கோ, ஆப்பிள் கம்பெனியின் 'ஹைட் மை இ-மெயில்' ஆகியவை அந்த ரகம். தாறுமாறான எழுத்துகளில் ஒரு விலாசத்தைத் தருவார்கள். அங்கே வருவது நம் பெட்டிக்குத் திருப்பி அனுப்பப்படும். வேண்டாமென்றால் அந்த ஒன்றை மட்டும் நிறுத்திவிடலாம். அதிலிருந்து உண்மை விலாசத்தை யாரும் ஊகிக்க முடியாது. டக்டக்கோ இலவசம். ரிலேயில் ஐந்து விலாசம் வரை இலவசம். ஆப்பிளுக்கு அவர்களிடம் கணக்கும் வேண்டும், பெரும்பாலும் மாதச் சந்தாவும் வேண்டும்.

விலாசம் ஏற்கனவே எங்கும் பரவிவிட்டவர்கள், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ட்ராய் ஹண்ட் 2013-ம் ஆண்டில் தொடங்கிய 'ஹாவ் ஐ பீன் போன்ட்' என்ற சேவையில் தங்கள் விலாசத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். எந்தெந்தக் கசிவில் அது சிக்கியது என்று காட்டும். கட்டணம் இல்லை. முன்பின் தெரியாத குப்பையில் 'இனி வேண்டாம்' என்ற இடத்தைத் தொடுவது மட்டும் ஆபத்து. 'இந்த விலாசத்தில் ஆள் இருக்கிறான்' என்று அவனுக்கு நாமே சாட்சி சொன்னதாகிவிடும். தெரிந்த, பெயர் பெற்ற கம்பெனிகளின் கடிதத்தில் தொடலாம். அவர்கள் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் குப்பை இ-மெயிலுக்கென்று 2003-ம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ம் ஆண்டில் நிறைவேறி, விதிகள் 2025-ம் ஆண்டு நவம்பரில் வெளியாயின. ஒரு காரியத்துக்கென்று வாங்கிய விலாசத்தைச் சம்மதமின்றி வேறு காரியத்துக்கு உபயோகிக்கக் கூடாது என்பது அதன் சாரம். தகவலைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம். முக்கியமான கடமைகளுக்குக் கம்பெனிகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

போனில் வரும் குறுஞ்செய்திகளுக்கு வால் ஒட்டும் வேலையை 2025-ம் ஆண்டிலிருந்து அரசே செய்கிறது. அனுப்புகிறவர் பெயரின் கடைசியில் ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 'பி' என்றால் விளம்பரம்; 'எஸ்' சேவை; 'டி' ஓ.டி.பி. போன்ற பரிவர்த்தனை; 'ஜி' அரசாங்கம். விளம்பரமே வேண்டாம் என்பவர்கள் 1909 என்ற நம்பரில் பதிவு செய்யலாம்; அதையும் மீறி வந்தால் அதே நம்பரில் புகார் கொடுக்கலாம். பணம் பறிபோய்விட்டால் 1930. அந்த நம்பருக்கு எவ்வளவு சீக்கிரம் போன் செய்கிறோமோ, பணத்தை வழியில் மறித்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.